பின் சீட்டு விருந்தாளிகள்

1

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் முடிந்த அன்று காலையில் கேசரி கிளறினேன். எங்கள் தீவில், ரங்கத் கடைத்தெருவில் கொண்டாட்டம் என்றால் வங்காளிக் கடை ரசகுல்லாதான், அதற்குமேல் ஒன்றும் கிடையாது. இவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, பாக்கு மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மின்சாரத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலிதான் அவருக்கு ஆபீஸ்.

மதியம் போர்ட் பிளேரிலிருந்து மகன் கூப்பிட்டான். செந்தில் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருக்கிறான். பண்டிகைக்கு ஒரு நாள் வருவான், மறுநாள் காலை பஸ்ஸில் போய்விடுவான்.

"அம்மா, ஹாப்பி அனிவர்சரி. சுனோ, கேளேன், மெயின்லேண்ட்ல இருந்து வர்ற குரூப்ல ஒரு ஜோடி கேன்சல். மூணு நாள் பேக்கேஜ். ரூமு, வண்டி எல்லாம் புக் ஆயிருச்சு. சீட்டு சும்மாதான் போகும். நீயும் அப்பாவும் வந்துருங்க."

"நாங்க எதுக்குப்பா? பிளேர் பாக்காததா?"

"என்ன பாத்திருக்க? ஆஸ்பத்திரி பாத்திருப்ப. கப்பல் டிக்கெட் கவுண்டர் பாத்திருப்ப. ஜெயில் பாத்தியா? ராஸ் ஐலண்ட் பாத்தியா?"

இத்தனை வருஷத்தில் பிளேருக்குப் போனதெல்லாம் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றோ, ஒரு காகிதத்தில் முத்திரை வேண்டும் என்றோ, ஊருக்குக் கப்பலேறவோதான். சுற்றிப் பார்க்க என்று ஒருநாளும் போனதில்லை.

"ஆனா ஒண்ணும்மா," என்று குரலைத் தாழ்த்தினான். "வீட்டு ஆளுங்கள வண்டியில ஏத்தக் கூடாதுன்னு ஏஜென்சியில ரூல். என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. நான் அங்கிள், ஆன்ட்டின்னுதான் கூப்பிடுவேன். அங்க என் பேரு செந்தில் இல்ல, சன்னி."

"சன்னியா? நல்ல பேரா கெடைக்கலயா? நம்ம ஊர்ல காய்ச்சல் முத்துனா வர்றதுல்ல அது!"

அவன் சிரித்தான். அவன் சிரித்துக் கேட்டு நாளாகியிருந்தது. அதற்காகவே இவரைச் சம்மதிக்க வைத்தேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு நாங்கள் இருக்கும் இடம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. மானாமதுரையில் என் சித்தி மகன் ஒவ்வொரு தடவையும் போனில், "அங்க இப்ப மணி என்னக்கா?" என்கிறான். அதே மணிதான் என்று சொன்னால் நம்புவதில்லை. ஆனால் அவன் சந்தேகத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கடிகாரம்தான் ஒன்று, சூரியன் வேறு. மார்கழி மாதத்தில் இங்கே மாலை ஐந்தேகாலுக்கே பொழுது சாய்ந்துவிடும். அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து விளையாடும் நேரத்தில் இங்கே விளக்குப் போட்டாகிவிடும்.

கல்யாணமான புதிதில் கப்பலில் வந்து இறங்கியபோது எனக்கு இந்தியில் ஒரு சொல் தெரியாது. இங்கே வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர்கள் எல்லோரும் சந்தித்துக்கொள்வது இந்தியில்தான். மீன்காரியிடம் பேரம் பேசிப் பேசி நானும் கற்றுக்கொண்டேன். பிறகு அரசுப் பள்ளியில் தமிழ்ப் பிரிவு ஆசிரியை ஆனேன். இப்போது என் வகுப்பில் இருப்பவர்களை ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிடலாம். தமிழ்ப் பாடம் முடிந்த அடுத்த நிமிஷம் அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் இந்தியில் சண்டை போடுகின்றன. என் மகனே அப்படித்தான். வீட்டில் அவன் தமிழ் என்பது "சாப்பிட்டேன்", "வரேன்", "டீக் ஹை", அவ்வளவே.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். செந்தில் இளையவன். மூத்தவள் பெண். இவருக்கு ஹட் பேயில் வேலையாக இருந்தபோது, சுனாமியில், கடலோடு போய்விட்டாள். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். உடல் கிடைக்கவில்லை. முகாமில் ஒரு எழுத்தர் பெயர்களை எழுதிக்கொண்டே "லாபதா, லாபதா" என்று சொல்லிக்கொண்டு வந்தார். என் அரைகுறை இந்தியில் அது "லாபம்" என்று கேட்டது. இந்த ஆள் எதை லாபம் என்கிறார் என்று இவரிடம் கேட்டேன். காணாமல் போனவர் என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரிய இரண்டு நாளானது.

அதற்குப் பிறகு வீட்டில் அவளைப் பற்றிப் பேசுவதில்லை. யாரும் அப்படிச் சொல்லிவைக்கவில்லை. ரங்கத்துக்கு மாற்றலாகி வந்தோம். புது இடம், புது அண்டை அயல். "ஒரு பையன்தானா?" என்று முதலில் கேட்டவர்களுக்கு இவர் "ஆமா" என்றார். நானும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். செந்திலுக்கு அப்போது ஐந்து வயது. மாதக்கணக்கில் அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது பக்கத்து வீட்டு வங்காளிப் பையனோடு இந்தியில் பேசினான். பேசினானே என்று சந்தோஷப்பட்டோம்.

3

பஸ் விடியுமுன் கிளம்பியது. நடுவில் ஒரு நீரிணை. பஸ்ஸே மிதவைப் படகில் ஏறிக் கடக்கும். பிறகு ஜாரவா பழங்குடிகளின் காடு. வண்டிகள் எல்லாம் போலீஸ் காவலோடு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகவேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பிளேர் போய்ச் சேர மதியமாகிவிட்டது. ஊருக்கு இப்போது அரசாங்கம் வேறு பெயர் வைத்துவிட்டது. பஸ் பலகையில் புதுப் பெயர் இருக்கிறது, கண்டக்டர் வாயில் "பிளேர், பிளேர்"தான்.

ஓட்டல் வரவேற்பில் இருந்த பையன் எங்கள் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "லோக்கலா? லோக்கல் ஆளுங்க பேக்கேஜ்லயா?" என்று இந்தியில் கேட்டான். முப்பது வருஷம் இந்தத் தீவில் வாழ்ந்ததற்கு முதன்முதலில் வெட்கப்பட்டேன். செந்தில் வேகமாக வந்து, "சார், இவங்க நம்ம கெஸ்ட்" என்று சொல்லிச் சாவியை வாங்கிக் கொடுத்தான். "வெல்கம் ஆன்ட்டி" என்று என்னைப் பார்த்துக் கைகூப்பினான். நானும் கூப்பினேன்.

வண்டியில் பதினைந்து பேர் போல இருந்தோம். பெரும்பாலும் வடக்கத்திக்காரர்கள். எங்களைத் தவிரத் தமிழ் பேசியவர்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்த சுகந்தியும் அவர் வீட்டுக்காரரும்தான். சுகந்திக்கு என்னைவிட வயது குறைவு. நல்ல சிரித்த முகம். அவர் கணவர் முன் சீட்டில் கேமராவோடு உட்கார்ந்துவிட்டதால் சுகந்தி பின்னால் எனக்கு மறுபக்கம் இருந்த சீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க்கா, எனக்கு இந்தி ஒரு எழுத்துத் தெரியாதுங்க. அந்தத் தம்பி பேசறதெல்லாம் நீங்கதான் எனக்குச் சொல்லோணும்."

சரி என்றேன். அப்படி மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

செல்லுலார் சிறையில் செந்தில் பேசியதைக் கேட்டு அசந்துபோனேன். ஒவ்வொரு அறை வரிசையும் அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள், ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கவே முடியாது என்று அவன் விளக்கியபோது கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. அடுத்த நொடி ஒரு வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைத்தான். குழந்தைகளைத் தோளில் தட்டினான், கிழவர்களுக்குக் கை கொடுத்தான். என் மகனுக்கு இவ்வளவு பேச்சு இருக்கிறதா என்று திரும்பி இவரைப் பார்த்தேன். இவரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பெருமை தெரிந்தது. அதை மறைக்க மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

மாலையில் கடலோரப் பூங்காவில் மசாலா தடவி வறுத்த சூரை மீனும், பொரி கலந்த ஜால்முரியும் வாங்கிச் சாப்பிட்டோம். விமானத்தில் வந்த மதுரை மல்லிகை அபர்தீன் கடைவீதியில் கொஞ்சம் வாடிக் கிடைத்தது. இவரே கேட்டு வாங்கி என்னிடம் நீட்டினார். "முப்பது வருஷமாச்சுல்ல" என்றார். அன்று ஓட்டல் மெத்தையில் தலைசாய்த்தபோது, வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

4

மறுநாள் காலை படகில் ராஸ் தீவு. வெள்ளைக்காரர்கள் வாழ்ந்த மாளிகைகளை ஆலமர வேர்கள் தின்றுகொண்டிருந்தன. மான்கள் கையிலிருந்து வாழைப்பழத் தோலைப் பிடுங்கித் தின்றன. சுகந்தி மான்களோடும் என்னோடும் படம் எடுத்துக்கொண்டார். மதியம் தேங்காய்ப்பால் விட்ட நண்டுக் குழம்பு. அதன்பின் சிடியா டாப்பு என்ற இடத்தில் சூரியன் மறைவதைப் பார்க்கக் கிளம்பினோம்.

வழியில் சிப்பிகாட் என்ற இடத்தில் வண்டி நின்றது. ஜன்னலுக்கு வெளியே அகலமாகத் தண்ணீர். நடுநடுவே பட்டுப்போன மரங்கள் இலையில்லாமல் நின்றன. செந்தில் மைக்கை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி நின்றான். பின் சீட்டைப் பார்த்தான். பிறகு பார்வையை எடுத்து நடுவில் எங்கோ வைத்துக்கொண்டான்.

"இது ஏரி இல்லை. முன்பு வயல். சுனாமி அன்று இந்த நிலம் தாழ்ந்தது. உள்ளே வந்த கடல் திரும்பிப் போகவில்லை" என்றான் இந்தியில்.

சுகந்திக்குச் சொன்னேன். "அடப் பாவமே" என்றார்.

"நான் அப்போது சின்னப் பையன். ஹட் பேயில் இருந்தோம்."

இவர் கை முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தது.

"என்ன சொல்றானுங்க்கா?"

"சின்னப் பையனா இருந்தப்ப ஹட் பேயில இருந்தாங்களாம்."

"அது எங்கீங்க?"

"தெக்க. கப்பல்ல போகணும்."

அவன் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனான். நானும் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். வேறு என்ன செய்வது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

காலையில் தரை ஆடியது. எல்லோரும் ரோட்டுக்கு வந்து நின்றோம். ஆட்டம் நின்றதும் பெரியவர்கள் என்னென்ன உடைந்தது என்று பார்க்க உள்ளே போனார்கள். தீதி, அதாவது அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றாள். பிறகு தண்ணீர் வந்தது. அது தண்ணீர் மாதிரியே இல்லை. மரமும் தகரமும் சேர்ந்து ஓடிவரும் சுவர் மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு ஜல்லி லாரி நின்றது. தீதி என்னைத் தூக்கி டயர்மேல் நிறுத்தினாள். ஏறுடா ஏறுடா என்றாள். எனக்குக் கை எட்டவில்லை. கீழே நின்று என் கால்களைப் பிடித்து மேலே தள்ளினாள். நான் ஜல்லி மேல் போய் விழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது என் செருப்பு ஒன்று அவள் கையோடு வந்திருந்தது. அவள் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா திட்டுவாள் என்று நினைத்தாளோ என்னவோ. என் பக்கம் எறியக் கையை ஓங்கினாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அங்கே தண்ணீர்தான் இருந்தது.

லாரி மேலிருந்து யாரோ அவனைத் தூக்கி வந்தார்கள் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளை அந்த உயரத்தில் எப்படி ஏறினான் என்று நாங்கள் கேட்டதில்லை. தண்ணீர் தூக்கிப் போட்டிருக்கும் என்று எங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். இவர் அன்று பவர் ஹவுஸில் டியூட்டி. நான் அடுப்பை அணைக்க உள்ளே போனவள். ஒரு கம்பத்தைப் பிடித்துப் பிழைத்தவள். ரோட்டில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

என் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. "செருப்பு அவ கையில வந்துருச்சாம்" என்றபோது சுகந்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

முன்னால் செந்திலின் குரல் கொஞ்சம் இறங்கியது. "மம்மி, பப்பா, ரெண்டு பேரும் அன்றைக்கே போய்விட்டார்கள். நான் மட்டும் மிஞ்சினேன். என்னை வளர்த்தது இந்தத் தீவுதான்."

நான் நிறுத்திவிட்டேன்.

"அப்பா அம்மா என்னானாங்களாமுங்க்கா?"

இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலுக்கு வெளியே, தண்ணீரில் நின்ற மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்களும் போயிட்டாங்களாம்" என்றேன்.

5

சிடியா டாப்புவில் இறங்கும்போது அழுத கண்களோடு சிலர் செந்திலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சிலர் கைக்குள் எதையோ அழுத்தினார்கள். அவன் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். நாங்கள் இறங்கியபோது செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டான்.

இவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கடலோரமாக நடந்து போனார். பின்னாலேயே போகப் பயமாக இருந்தது, போகாமல் இருக்கவும் பயமாக இருந்தது. விழுந்து கிடந்த பெரிய மரம் ஒன்றின் மேல் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலை வந்து கால்சட்டையை நனைத்தும் அவர் நகரவில்லை.

சுகந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மனசே ஆறலைங்க்கா. அந்தப் புள்ளையப் பெத்தவ எங்கிருந்தாலும் பாத்துட்டுத்தான் இருப்பா, இல்லீங்களா?"

"ஆமா" என்றேன்.

"உங்களுக்கு எத்தனை கொழந்தைங்க?"

இருபது வருஷமாக வாயில் தயாராக இருந்த பதில் வரவில்லை.

"ரெண்டு. மூத்தவ பொண்ணு."

"பொண்ணக் கட்டிக் குடுத்துட்டீங்களா?"

"இல்ல."

"அமையும் போங்க. நேரம் வந்தா தானா அமையும்" என்று என் தொடையைத் தட்டினார்.

பிறகு எழுந்து செந்திலிடம் போனார். அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "எங்கூருக்கு ஒரு நாளைக்கு வா கண்ணு. நான் உனக்கு அம்மா மாதிரி" என்றார். அவன் முழிப்பது போலக் கொஞ்சம் முழித்துவிட்டு, "ரொம்ப... நன்றி" என்றான். தமிழ் தெரியாதவன் தட்டுத்தடுமாறிச் சொல்வது போல இருந்தது. சுகந்தி பூரித்துப்போய், "பாருங்க்கா, தம்பி எத்தனை அழகாத் தமிழ் பேசறான்!" என்று என்னைப் பார்த்துக் கூவினார்.

சூரியன் ஒரு தீவுக்குப் பின்னால் இறங்கியது. எல்லோரும் படம் எடுத்தார்கள். இவர் திரும்பி வந்து, "போலாம்" என்றார்.

6

மூன்றாம் நாள் கடைக்குப் போகும் நாள். சங்கு, சிப்பி மாலை, படாக் மரத்தில் செய்த ஆமை, தென்னங்கொட்டாங்குச்சியில் கிண்ணம் என்று எல்லோரும் அள்ளினார்கள். பக்கத்து வீட்டுக்காரிகளுக்கு நானும் ஏதோ வாங்கினேன். என்ன வாங்கினேன் என்று ஊருக்கு வந்து பையைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மதியம் மற்றவர்களை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுச் செந்தில் திரும்பி வந்தான். வண்டி காலி. அவன் இப்போது சன்னி இல்லை. மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை.

"அம்மா, எல்லா கைடும் ஏதாச்சும் சொல்வாங்கம்மா. ஒருத்தன் தாத்தா ஜெயில்ல தூக்குல செத்தாருன்னு சொல்றான். அவன் தாத்தா ராஞ்சிலேர்ந்து காடு வெட்ட வந்தவரு. கெஸ்ட்டுக்குக் கதை வேணும். வண்டி அங்க தினம் நிக்கும், நானும் தினம் சொல்வேன். உங்களைக் கூப்பிட்டப்ப இது ஞாபகமே இல்ல. மைக்க எடுத்தப்புறம்தான் நீங்க உக்காந்திருக்கறது உறைச்சுச்சு. நிறுத்த முடியல."

"நாங்க செத்தது பொய்யி. அது கெடக்கட்டும். மத்தது?"

டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"மத்தது நெசம்."

"லாரி?"

"நெசம்."

"இத்தனை வருஷமா எங்ககிட்ட ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கலயே மா." கோபமாகச் சொல்லவில்லை. இந்த ஊரில் மழை அதிகம் என்பது போலச் சொன்னான். "வீட்ல அவ பேச்சே இல்ல. எனக்கே சில நேரம் சந்தேகம் வந்துரும், நெசமாவே அக்கா இருந்தாளா, இல்ல நானா நெனச்சுக்கிட்டேனான்னு. இங்க வந்தப்புறம்தான் ஒரு தடவ, ஒரு கெஸ்ட் சும்மா கேட்டாங்க, சுனாமி அப்ப எங்க இருந்தேன்னு. இந்தியில கேட்டாங்க. அப்படியே வந்துருச்சு. தமிழ்ல யோசிச்சா வாயே வராதும்மா. அதான் வண்டியில நான் தமிழ் பேசறதே இல்ல. எந்த ஊரு, யாரு மகன்னு நோண்டுவாங்க."

"சரி, எங்களை எதுக்குக் கொன்ன?"

தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மொதல்ல கொல்லலம்மா. உயிரோட இருக்கீங்கன்னுதான் சொன்னேன். உடனே எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க. உங்கம்மா எப்படித் தாங்கினாங்க, உங்கப்பா என்ன சொன்னாரு? அதுக்கு எனக்குப் பதில் தெரியல. ஒண்ணும் சொல்லலன்னு எப்படிச் சொல்றது? ஒருநாள் அவங்களும் போயிட்டாங்கன்னு சொல்லிப் பாத்தேன். அப்புறம் யாரும் எதுவும் கேக்கல."

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதே கையால் அவன் தலையைத் தடவவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கடைக்காரர் வந்து, "டீ ஆறிப்போச்சே, வேற போடவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதுவரை எங்கள் பேச்சே காதில் விழாதவர் போல உட்கார்ந்திருந்த இவர் தொண்டையைச் செருமினார்.

"எந்தக் காலு?" என்றார்.

செந்திலுக்குப் புரியவில்லை. "என்னப்பா?"

"செருப்பு. எந்தக் கால் செருப்பு அவ கையில இருந்துச்சு?"

செந்தில் மேஜைக்கு அடியில் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். சரிபார்த்துச் சொல்கிறவன் போல, "எடது காலுப்பா" என்றான். நிமிர்ந்தபோது அவன் வாய் கோணிக்கொண்டு போயிற்று. தமிழில் சொன்னால் வாய் வராது என்று அவன் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவன் தோளில் கை வைக்கப் போனார். அதற்குள் அவன் போன் அடித்தது.

"ஹாங் ஜி. ஆ ரஹா ஹூன்" என்று, பத்து நிமிஷத்தில் வருவதாகச் சொல்லி, முகத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். அடுத்த விமானம் இறங்கப் போகிறதாம். புதுக் கூட்டம்; வெளியே பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"வரேன்மா. நாளைக்குக் காலையில பஸ் ஏத்திவிட வரமுடியுமான்னு தெரியல. ராஸ் ஐலண்ட் படகு இருக்கு."

"பரவால்ல. நேரத்துக்குச் சாப்பிடு" என்றேன். அத்தனைக்கும் பிறகு எனக்கு வந்தது அந்தச் சொல்தான்.

"டீக் ஹை" என்றான்.

7

பஸ்ஸில் ஏற்றிவிட அவன் வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை ரங்கத்துக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறான். சாப்பிட்டாயா, மழையா, அப்பாவுக்கு மருந்து இருக்கிறதா என்று பேசிவிட்டு வைக்கிறோம். ஒவ்வொரு தடவையும் நான் ஏதோ கேட்க வாயெடுப்பேன். அந்தப் பக்கம் அவனும் ஒரு நொடி காத்திருப்பது தெரியும். பிறகு யாராவது ஒருவர் "சரி" என்று சொல்லிவிடுவோம். வாரத்தில் எத்தனை தடவை சிப்பிகாட்டில் வண்டி நிற்கிறது, இன்னும் எங்களை அங்கே சாகவைக்கிறானா என்று கேட்கத் துணிச்சல் இல்லை. அதை அவன் விட்டுவிட வேண்டுமென்றும் என்னால் நினைக்க முடியவில்லை. அவளைப் பற்றி வாய்விட்டுப் பேசும் இடம் இந்தத் தீவுகளில் அது ஒன்றுதான்.

திரும்பி வந்த அன்று ஜாரவா காட்டின் வாசலில் பஸ் வெகுநேரம் நின்றது. காவல் வண்டிக்காகக் காத்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு இவர் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னால் இருந்த வண்டிகளில் சுற்றுலா வந்த குடும்பங்கள் நிறைய. மழையில் நனைந்துகொண்டே ஒரு அப்பா, பெண் குழந்தை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு கடையோரம் ஓடினார்.

இவர் அதைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"செல்விய ஒருநாள் கூட பிளேர் கூட்டிட்டு வந்து சுத்திக் காட்டினதில்ல நாம."

இருபது வருஷத்துக்குப் பிறகு அவள் பெயரை அவர் வாயால் கேட்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். அதற்குள் காவல் வண்டி வந்துவிட்டது, டிரைவர் எஞ்சினைப் போட்டார். நடுவில் எங்கும் நிற்காமல் காட்டுக்குள் போனோம்.